அல்லிக்கு ஒரு படப் புத்தகம்

இளவரசியை வரையச் சொன்னால் விழுப்புரத்துப் பிள்ளையும் இன்று கவுனும் பொன்னிறக் கூந்தலுமாகத்தான் வரைகிறது. அந்த உருவத்தை மேலைநாட்டார் எப்போதோ கலைக்கத் தொடங்கிவிட்டார்கள். ராபர்ட் மன்ச் எழுத, மைக்கேல் மார்ச்சென்கோ வரைந்து 1980இல் கனடாவில் வந்த படக்கதையில், எலிசபெத் என்ற இளவரசி காகிதப் பையை உடுத்திக்கொண்டு போய், டிராகனை ஏமாற்றி இளவரசனை மீட்கிறாள். அவனோ அவள் கோலத்தைக் குறை சொல்கிறான். கல்யாணமே வேண்டாமென்று அவள் போய்விடுகிறாள்.

இப்படியொருத்தியைத் தேடி நாம் கனடா வரை போக வேண்டியதில்லை. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத் தெருக்கூத்திலேயே இருக்கிறாள் அல்லி. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் 'அல்லி அரசாணி மாலை'யின் நாயகி. அரியணையைப் பறித்துக்கொண்ட நீன்முகனைக் கொன்று மதுரையை ஆள்பவள். அவளைச் சுற்றிப் படையும் பெண்கள், காவலும் பெண்கள். ஆண்வாடையே ஆகாது.

இக்கதையைப் பட்டிதொட்டிக்கெல்லாம் கொண்டுபோனவை சென்னை இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் முதலானோர் அச்சிட்ட 'பெரிய எழுத்து' நூல்கள். மட்டமான தாள், கொட்டை எழுத்து, இடையிடையே கறுப்பு மையில் கோட்டுப் படங்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பவரும், கண் மங்கிய கிழவரும் விளக்கடியில் வாசிக்கலாம். ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, திண்ணையே கேட்டது. குழந்தைகளுக்கென்று அச்சிட்டவை அல்ல. ஆனால் படத்தோடு கதை என்பது பல வீடுகளுக்குள் முதலில் நுழைந்தது இவற்றின் வழியாகத்தான்.

இதைக் குழந்தைகளுக்குச் சொல்வதில் உள்ள சிக்கல் கதைக்குள்ளேயே இருக்கிறது. அல்லி மேல் ஆசைப்பட்ட அர்ச்சுனன், கண்ணன் துணையோடு பாம்புருவில் அவள் பள்ளியறை புகுந்து, தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டுகிறான். கூத்துப் பந்தலில் இது கண்ணன் லீலை, சிரிப்புக்கும் குறைவிருக்காது. எட்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்கும்போது இதை லீலையென்று தள்ளிவிட முடியுமா?

இவ்வட்டாரத்தின் இன்னொரு இளவரசி திரௌபதி. செஞ்சியை அடுத்த மேலச்சேரிதான் அவளை அம்மனாக வழிபடுவதன் மூல இடம் என்பது நம்பிக்கை. பாரத விழாவின் கடைசி நாள் படுகளத்தில், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தின் அருகே, விரித்த கூந்தலை அவள் முடிகிறாள். முன்வரிசையில் தூக்கம் கலையாத கண்ணோடு பிள்ளைகள். சபையில் கேள்வி கேட்டவளை, சபதத்தை முடித்துக்காட்டியவளை, அவர்கள் கதையாக அல்ல, நேரிலேயே பார்க்கிறார்கள். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த வாசல் ஒன்றுபோலத் திறப்பதில்லை. விழுப்புரம் அருகே மேல்பாதியில் தலித் மக்களின் வழிபாட்டு உரிமையை ஒட்டி எழுந்த தகராறில், திரௌபதி அம்மன் கோயிலே 2023 ஜூனில் பூட்டி முத்திரையிடப்பட்டது. புத்தகத்துக்கு அப்படிப் பூட்டுப் போட முடியாது.

அச்சில் குழந்தைகளுக்கு வந்த இளவரசிகள் யார்? 1947இல் தொடங்கிய அம்புலிமாமா இதழின் ஓவியங்களுக்கு, குறிப்பாகச் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனுக்கு, ஈடு இல்லை. ஆனால் அக்கதைகளில் இளவரசி பெரும்பாலும் பரிசுப்பொருள். வென்றவனுக்குப் பாதி ராஜ்யத்தோடு சேர்த்துக் கொடுக்கப்படுபவள். பிறகு சென்னையில் தாரா (1994), தூலிகா (1996) பதிப்பகங்கள் படப் புத்தகத்தின் தரத்தையே உயர்த்தின. 2011இல் தாரா வெளியிட்ட 'சீதாஸ் ராமாயணா'வில், வங்கத்துப் பட்டுவா சுருள்பட ஓவியர் மொய்னா சித்ரகரின் படங்களோடு இராமாயணம் சீதையின் பார்வையில் விரிந்தது. நாட்டார் ஓவியத்தைக் கொண்டே பழைய இளவரசியைப் புதிதாகப் பேசவைக்கலாம் என்பதற்கு அது சான்று.

வாசகர்களுக்கும் இங்கே குறைவில்லை. தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வி திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கப்பட்டதே மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் சிறு சிறு கதைநூல்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்திருக்கிறது. அந்த வரிசையில் அல்லியும் உட்கார வேண்டும். கவுன் போட்ட அல்லியாக அல்ல, கூத்தின் அரிதாரமும் கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்த அல்லியாக.

அல்லி கதையின் முடிவை மாற்றலாமா என்று தயங்க வேண்டாம். கூத்து வாத்தியார் எவரும் ஒரே இரவில் முழுப் பாரதத்தையும் ஆடுவதில்லை. ஓரிரவு பகடைத் துகில், ஓரிரவு கர்ண மோட்சம் என்று வேண்டிய இடத்தில் தொடங்கி வேண்டிய இடத்தில் நிறுத்துவது நம் மரபு. சிறுவர்க்கு நீன்முகனை வென்று அல்லி முடிசூடும் இடத்தில் கதை நிற்கட்டும். வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாலி கட்டிய இரவையும் சொல்லலாம். ஆனால் அதை லீலையென்று மெழுகாமல், அநியாயம் என்றே சொல்ல வேண்டும். கூத்துக் கலைஞரையும் ஓவியரையும் ஒன்றாக உட்காரவைத்து, ஏழை வீட்டுப் பிள்ளையும் வாங்கும் விலையில் இதைக் கொண்டுவருவது பதிப்பாளர் கடமை. பெரிய எழுத்துக்காரர்கள் லாபம் பார்த்துக்கொண்டே எளியவர் வீட்டுக்கும் கதையைக் கொண்டுசேர்த்தார்கள்.