பிரிக்கப்படாத உறை

ஜோசப் கான்ராட்டின் ‘நாஸ்ட்ரோமோ’ (1904) பற்றிப் பேச்செடுத்தால் நம் இலக்கிய நண்பர்கள் மனித மனத்தின் இருள் என்று ஆரம்பித்து அங்கேயே முடித்துக்கொள்கிறார்கள். (இருள்னு சொல்லிட்டா அப்புறம் எதையும் வாசிக்க வேண்டியதில்லை பாருங்கள்.) அந்த நாவலுக்குள் ஒரு தபால் போக்குவரத்து நடக்கிறது. அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

கோஸ்டாகுவானா என்ற கற்பனை நாட்டில் சான் தோமே வெள்ளிச் சுரங்கம். நடத்துபவன் சார்லஸ் கூல்ட். பணம் போட்டவர் சான் பிரான்சிஸ்கோவின் நிதி முதலாளி ஹோல்ராய்ட். ஆயிரம் விவகாரங்கள் புரளும் அவரது அலுவலகத்தில் கோஸ்டாகுவானாத் தபாலை மட்டும் குமாஸ்தாக்கள் பிரிப்பதில்லை. உறை அப்படியே முதலாளியின் அறைக்குப் போகிறது. பதிலை அவரே சொந்தக் கையால் எழுதுகிறார் என்று அலுவலகத்தில் கிசுகிசு. கான்ராட் அந்தக் கடிதங்களைப் பெரும்பாலும் நமக்குக் காட்டுவதில்லை. சார்லஸின் தகப்பனார் எழுதிய கடிதங்களைப் பற்றியோ விரிவாகவே சொல்கிறார். அரசாங்கம் அந்தச் சுரங்க உரிமையைத் தகப்பனார் தலையில் கட்டிப் பணம் கறந்தது. சுரங்கம் என் ரத்தத்தைக் குடிக்கிறது, இந்த நாட்டுக்குத் திரும்பி வராதே என்று அவர் ஐரோப்பாவிலிருந்த மகனுக்குப் புலம்புகிறார். புலம்பல் கடிதத்தை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். கடன் கடிதத்தின் பலமோ அது மூடியிருப்பதில்தான் இருக்கிறது. கான்ராட் இதை நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறார்.

கற்பனையை விடுவோம். நெவாடாவில் 1859இல் காம்ஸ்டாக் வெள்ளிப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. 1864இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய பாங்க் ஆஃப் கலிபோர்னியா, தன் ஏஜெண்டாக வில்லியம் ஷாரனை வர்ஜீனியா சிட்டிக்கு அனுப்பியது. மற்றவர்கள் மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று, ஐந்து என்று வட்டி வாங்கிய இடத்தில் ஷாரன் இரண்டுக்குக் கொடுத்தார். தாது அரைக்கும் ஆலைக்காரர்கள் ஓடிவந்து வாங்கினார்கள். தாது மெலிந்ததும் தவணை தவறினார்கள். ஆலைகள் வங்கிக்காரர்கள் கைக்குப் போயின. 1867இல் அவற்றையெல்லாம் சேர்த்து யூனியன் மில் கம்பெனி என்று ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். சுரங்கங்களுக்கு யார் சூப்பரின்டெண்ட் என்பதையும் பெரும்பாலும் இவர்களே தீர்மானித்தார்கள். ஆக, சுரங்கத்திலிருந்து எழுதுகிறவரும் வங்கியில் உட்கார்ந்து வாசிக்கிறவரும் ஒரே வீட்டு ஆட்கள்.

எழுத்து இங்கே இரண்டு வகை. பங்குதாரர்கள் பார்வைக்கென்று சூப்பரின்டெண்ட் எழுதும் கடிதம் ஒன்று: இத்தனை அடி ஆழம், இத்தனை டன், தோற்றம் நம்பிக்கையளிக்கிறது. சங்கேதத் தந்தி இன்னொன்று. கீழே உண்மையில் என்ன தட்டுப்பட்டது என்பது இதில்தான் போகும். ஷாரனுக்கும் வங்கியின் மூளையான வில்லியம் ரால்ஸ்டனுக்கும் இடையே இப்படித்தான் செய்தி ஓடியது. முதல் எழுத்தை ஊர் வாசிப்பதற்குள் இரண்டாவதை வைத்துப் பங்கை வாங்கியோ விற்றோ முடித்திருப்பார்கள். பிரதிக்கும் துணைப்பிரதிக்கும் இடைவெளி என்று நாம் கோட்பாட்டில் பேசுகிறோமே, இங்கே அந்த இடைவெளிக்கு டாலரில் விலை இருந்தது.

முதலாளிய ஆவணங்களில் தொழிலாளி மௌனமாக்கப்படுகிறான் என்பது நம்மிடையே தேய்ந்துபோன வாய்ப்பாடு. காம்ஸ்டாக் விஷயத்தில் அது பாதிதான் சரி. நல்ல தாது தட்டுப்பட்டால் அந்த ஷிஃப்ட் ஆட்களை மேலே ஏறவிடாமல் சில நாள் கீழேயே நிறுத்திவைக்கும் பழக்கம் அங்கே இருந்தது. சாப்பாடு உண்டு, கூலியும் உண்டு, வெளியே வரத்தான் கூடாது. எதற்கு? நாள் கூலி நான்கு டாலர் வாங்கிய அந்தத் தொழிலாளிகளும் பங்கு வாங்கினார்கள், விற்றார்கள். வங்கிக்காரர் தந்தியில் அறிய வேண்டியதை அவர்கள் கடப்பாறை முனையில் அறிந்திருந்தார்கள். ஆக, கடிதத்துக்குப் போட்டியாக ஒரு வாய் இருந்தது. அதை அடைத்த பிறகுதான் கடிதத்துக்கே மதிப்பு. தொழிலாளியை மறந்துவிட்டு எழுதியவை அல்ல இவை, அவனுக்குப் பயந்து எழுதியவை.

ஆனால் அடைக்க வேண்டிய வாய் கீழே மட்டும் இல்லை என்பது ஷாரனுக்குப் பிறகுதான் உறைத்தது. 1870 கடைசியில் கிரவுன் பாயின்ட் சுரங்கத்தில் பெரிய படிவு கிடைத்தபோது சூப்பரின்டெண்ட் ஜான் ஜோன்ஸ் ஷாரனுக்குச் சொல்லவில்லை. அல்வின்சா ஹேவர்டுக்குச் சொன்னார். இருவரும் சத்தமில்லாமல் பங்குகளை வாரினார்கள். 1871இல் ஷாரன் தன் பங்கையும் அவர்களுக்கே விற்றுவிட்டார். சில டாலருக்கு விழுந்து கிடந்த பங்கு 1872இல் ஆயிரத்து எண்ணூறைத் தாண்டியது. பூட்டு போட்டவன் வீட்டிலேயே திருட்டு!

அதே 1872இல் செனட் பதவிக்கு இருவரும் மோதினார்கள். 1869 ஏப்ரல் 7 அன்று யெல்லோ ஜாக்கெட் சுரங்கத்தில் பிடித்த தீ, கிரவுன் பாயின்ட்டுக்கும் பரவிக் குறைந்தது 35 பேரைக் கொன்றிருந்தது. பங்கு விலையை ஆட்டுவதற்காக ஜோன்ஸ்தான் அந்தத் தீயை வைத்தார் என்று ஷாரன் தரப்பு கிளப்பிவிட்டது. நிரூபணம் எதுவும் இல்லை. செத்தவர்கள் மூன்று வருஷம் கழித்து இப்படித்தான் பேச்சுக்கு வந்தார்கள், பங்கு விலையின் அடிக்குறிப்பாக.

கான்ராட்டின் நாவலில் சுரங்கத் தொழிலாளிகள் திரண்டு ஊருக்குள் வந்து கூல்டைக் காப்பாற்றுகிறார்கள். வருஷங்கள் கழித்து டாக்டர் மோனிகாம் கேட்கிறார்: இன்றைக்கு ஆபத்து வந்தால் தங்கள் நிர்வாகியைக் காப்பாற்ற அவர்கள் கிளம்பி வருவார்களா? அதற்குள் சுரங்கத்தில் ஆட்கள் தங்களுக்குள் ரகசியமாகக் கூடிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்ற செய்தி ஊரில் உலவுகிறது. சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகிற உறையில் அது இருந்ததா என்பதைக் கான்ராட் சொல்வதில்லை.