தரைக்கு இறங்கும் அடவு

பரதம் பழகும் பிள்ளைகளுக்கு முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் முழங்காலைப் பாதி மடக்கி நிற்கும் அரைமண்டியிலேயே கழியும். தட்டடவு, நாட்டடவு, குதித்துமெட்டு என்று தொடக்கத்தில் வரும் அடிப்படை அசைவுகளான அடவுகள் எல்லாமே பாதத்தின் மேல் நின்று செய்பவை. மண்டி அடவு தொடங்கும்போதுதான் உடம்பு தரைக்கு இறங்குகிறது. முழுமண்டியில் முன்பாதத்தின் மேல் அமர்ந்து, குதிகால் உயர்ந்து, இரண்டு முழங்கால்களும் பக்கவாட்டில் விரிந்திருக்க, உட்கார்ந்த நிலையிலேயே ஒரு சிறு குதிப்பு. அடுத்த சொல்லில் ஒரு முழங்கால் தரையைத் தொட வேண்டும், அதற்கடுத்ததில் நடுவுக்குத் திரும்ப வேண்டும், பிறகு மறு முழங்கால். ஒரு நடனப் பள்ளியின் தரத்தை அறிய வர்ணத்தையும் தில்லானாவையும்விட இந்த ஓர் அடவைப் பார்த்தாலே போதும் என்று நினைக்கிறேன். தரையில் இறங்குவது எல்லோருக்கும் வரும். அடுத்த தட்டுக்குள் தோள் ஆடாமல், கை தரையில் ஊன்றாமல் எழுவதில்தான் பயிற்சி தெரியும்.

இந்த அடவுகள் சீக்கிரம் மறந்துபோகின்றன என்று பிள்ளைகளும் பெற்றோரும் சொல்வதுண்டு. காரணம் இருக்கிறது. நின்று ஆடும்போது கண்ணுக்கு எதிரே ஒரு திசை இருக்கும், பக்கத்தில் ஆடுபவளும் தெரிவாள். உட்கார்ந்து முழங்காலில் திரும்பும்போது பார்வை தாழ்கிறது. எந்தக் காலில் பாரம் இருக்கிறது என்பதும் குழம்புகிறது. இப்போது பலர் மொபைலில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் பார்த்துப் பழகுகிறார்கள். ஆனால் எதிரே நின்று ஆடுபவரின் வலது, பார்ப்பவருக்கு இடதாகப் பதிகிறது. அதைவிடப் பெரிய குறை, வீடியோவில் மனத்தில் தங்குவது நிலைகள். ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போகும் வழி தங்குவதில்லை.

கல்லில் செதுக்கிய நடனத்துக்கும் இதே குறை உண்டு. நாட்டிய சாஸ்திரம் சொல்லும் கரணங்கள் என்னும் 108 நடன அசைவுகளில் 81 தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தள உள்சுற்றில் செதுக்கப்பட்டு, மிச்சக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. சிதம்பரத்துக் கோபுர வாயில்களில் 108-ம் வரிசையாக இருக்கின்றன. 108-ஆவதான கங்காவதரணத்தில் உள்ளங்கால் வானத்தைப் பார்க்கிறது. ஆனால் அந்த நிலைக்குள் எப்படிப் போனார்கள், எப்படி வெளியே வந்தார்கள் என்பதைச் சிற்பி செதுக்க முடியாது. நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் பல ஆண்டு உழைத்து மீட்க முயன்றது அந்த நடுவழியைத்தான்.

அடவுகளின் நடுவழியை, நடன ஆசான்களான நட்டுவனார்கள் நாக்கில் வைத்துக் காத்தார்கள். பெரும்பாலும் உட்கார்ந்தபடியே, தட்டுக்கழியும், தாளத்துக்கேற்ற ஒலிச்சொற்களான சொற்கட்டும் கொண்டு கற்பித்தவர்கள் அவர்கள். ‘தாங்கிடு தத்தத் தின்னா’ என்று வாய் சொல்ல, கை தாளம் போட, முதலில் கால் அசையாமலே அடவு மனத்தில் ஏற வேண்டும். பிறகு கால் மட்டும், பிறகு கை, கடைசியில் பார்வை. முதல் கால வேகம் கெட்டியான பிறகே இரண்டாம் காலம். அடவுத் தொடரை முடித்துவைக்கும் தீர்மானத்துக்கும் இதே முறைதான். ‘தத்திங்கிணதொம்’ ஐந்து மாத்திரை, மூன்று முறை சொன்னால் 15. ஆதி தாளத்தின் பின்பாதியில் நான்கு எண்ணிக்கைக்கு 16 மாத்திரை. ஒன்றை விட்டுத் தொடங்கினால் முடிந்த கையோடு தாளத்தின் தொடக்கமான சமம் வந்துவிடும். இந்தக் கணக்கு வாயில் இருக்கும் பெண் முழங்காலில் இருந்தாலும் தடுமாற மாட்டாள். எந்த இடத்தில் எழ வேண்டும் என்பதைச் சொல்லே அவளுக்குக் காட்டிவிடும்.

அடவுகளை வரிசைப்படுத்திப் பாடமாக்கிய பெருமை தஞ்சை நால்வருக்கு உரியது. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய அந்தச் சகோதரர்கள் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தஞ்சை அரசவையில் விளங்கியவர்கள். அவர்கள் வழிவந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1869–1954) ஆழ்ந்த அரைமண்டியும் நேர்கோடும் அடக்கமும் இருந்தன. அவரிடம் கற்ற ருக்மிணி தேவி 1936-இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். தட்டடவு எட்டு, நாட்டடவு எட்டு என்று எண்ணிட்டு வகுத்த அந்தப் பாடமுறை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. யார் கற்பித்தாலும் பிசகாமல் நினைவில் நிற்கும் முறை அது. 

வழுவூர் ராமையா பிள்ளையின் (1910–1979) பாணி தரையை அதிகம் விரும்பியது. ஜதி முடிவில் ஒரு சிலைநிலை, மண்டியிட்ட திருப்பம், முதுகை வளைத்துத் தரைவரை செல்லும் பாம்பு நடனம் என்று அவருடைய மாணவி குமாரி கமலா ஆடியபோது நாடே பார்த்தது. அந்த அழகைப் படியெடுக்க முயன்ற பலர் நிலைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். குழைவுக்கு அடியில் இருந்த தாளக்கட்டு அவர்களிடம் வந்து சேரவில்லை என்பது என் வருத்தம். கந்தப்ப பிள்ளையிடம் பயின்ற பாலசரஸ்வதியோ (1918–1984) இசையோடு ஒன்றிய அபிநயத்தால் உயர்ந்தவர். தரையசைவின் எண்ணிக்கை ஒரு பாணியின் உயர்வுக்கு அளவுகோல் ஆகாது என்பதற்கு அவர் ஒருவரே சான்று.

மேலை நாட்டு நவீன நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாமின் பயிற்சி முறையிலோ வகுப்பு தரையில் அமர்ந்தே தொடங்குகிறது. மூச்சை ஒட்டி வயிற்றைச் சுருக்கி விரிக்கப் பழகிய பிறகே எழுந்து நிற்பார்கள். நாமோ நின்று தொடங்கி, கால் உரமேறிய பின் தரைக்கு வருகிறோம்.

நம் ஊர் ஆறுமுகநேரியில் இருந்துகொண்டு இதையெல்லாம் கற்க முடியுமா என்று கேட்கும் பெற்றோருக்குச் சொல்கிறேன், தூத்துக்குடியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. பரதமும் அங்கே மூன்றாண்டுப் பாடம். உள்ளூரில் சொல்லித்தருபவர்களும் இருக்கிறார்கள். எங்கே சேர்த்தாலும் சில விஷயங்களைக் கேளுங்கள். பிள்ளை சொற்கட்டை வாய்விட்டுச் சொல்கிறாளா? வலப்பக்கம் செய்த அடவை இடப்பக்கமும் அதே சுத்தத்தோடு செய்கிறாளா? நடுவில் நிறுத்திவிட்டு, அந்த இடத்திலிருந்தே தொடரச் சொன்னால் தொடர்கிறாளா? முதலிலிருந்துதான் வரும் என்றால் பாடம் இன்னும் உட்காரவில்லை.

வகுப்பு நடக்கும் தரையையும் பாருங்கள். நம் பக்கத்தில் மண்டபங்களும் மொட்டைமாடிகளும் பெரும்பாலும் சிமென்ட்தான். வெறும் சிமென்டில் பத்து வயதுப் பிள்ளையை மூன்றாம் காலத்தில் மண்டி அடவு குதிக்கவைப்பது முழங்காலுக்குக் கேடு. மெல்லிய விரிப்பு வேண்டும், முன்னதாக உடம்பைச் சூடேற்றும் பயிற்சி வேண்டும். முழங்கால் கால்விரலின் திசையிலேயே விரிகிறதா என்று ஆசிரியர் ஒவ்வொரு முறையும் கவனிக்க வேண்டும். வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்று சொற்கட்டும் தாளமும் மட்டும் நடக்கட்டும். அரங்கேற்றத் தேதி குறித்தாகிவிட்டது என்பதற்காக முழங்காலை அவசரப்படுத்தக் கூடாது, தேதியைத் தள்ளிவைக்கலாம்.