கயிற்றைப் பிடித்தவர் எட்டு, பாடியவர் எவருமில்லை

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் கூட்டம் கடைசிவரை காத்திருப்பது கயிறிழுத்தலுக்குத்தான். வழுக்கு மரம், முட்டி உடைத்தல், யானைக்குக் கண் வைத்தல் எல்லாம் சிரிப்போடு போய்விடும். கயிற்றைத் தரையில் போட்டதும் கிழக்கிலங்கையில் எங்கள் ஆலையடிவேம்பு மைதானங்களில் சனம் எல்லைக் கோட்டை மறந்து உள்ளே வந்து நிற்கும். ஆனால் இந்தப் போட்டியைத் தொடர்ந்து பார்த்து வருகிற எவருக்கும் ஒரு புதிர் கண்ணில் படும். நல்ல உடற்கட்டுள்ள எட்டுப் பேர் ஒரு பக்கம், அவர்களைவிட மெலிந்த எட்டுப் பேர் மறுபக்கம், வெல்வது மெலிந்தவர்கள். ஊரார் அதிர்ஷ்டம் என்பார்கள். அது அதிர்ஷ்டம் அல்ல.

பிரான்ஸ் நாட்டு விவசாயப் பொறியியலாளர் மாக்ஸ் ரிங்கல்மான் 1913இல் வெளியிட்ட ஆய்வு இந்த மர்மத்தை எப்போதோ அவிழ்த்துவிட்டது. ஆட்களைத் தனித்தனியே இழுக்கவைத்து அளந்தார், பிறகு சேர்ந்து இழுக்கவைத்து அளந்தார். எட்டுப் பேர் சேர்ந்தபோது, தனியே காட்டிய பலத்தில் ஏறத்தாழப் பாதியைத்தான் ஒவ்வொருவரும் கொடுத்தார்கள். மீதிப் பாதி எங்கே போனது? ஒரு பகுதி, எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காததால் வீணாகிறது. இன்னொரு பகுதி, பக்கத்தில் இருப்பவன் இழுப்பான் என்ற நினைப்பில் கரைகிறது. 1974இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒருவருடைய கண்ணைக் கட்டி, பின்னால் நின்றவர்களை இழுப்பதுபோல் நடிக்க மட்டும் சொன்னார்கள். கூடவே ஆட்கள் இழுக்கிறார்கள் என்று நம்பியதாலேயே அந்த ஒருவர் குறைவாக இழுத்தார். ஆக, கயிறிழுத்தலில் தோற்பவர் பெரும்பாலும் எதிரணியிடம் தோற்பதில்லை, தங்கள் அணிக்குள்ளேயே தோற்றுவிடுகிறார்கள்.

இந்த இரண்டு இழப்புக்கும் எங்கள் கடற்கரையிடம் பழைய மருந்து இருந்தது. அதன் பெயர் அம்பா.

கரைவலை இழுப்பவர்களின் பாட்டு அது. தோணியில் போய் வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டு வருவார்கள். இரண்டு கயிற்று முனைகளும் கரைக்கு வந்துவிடும். பிறகு வலையின் மடி கரையேறும்வரை ஆட்கள் மணலில் காலூன்றி இழுக்க வேண்டும். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏற்றுப் பாடுவார்கள். ஏற்றுப் பாடும் அடியில் எந்த இடத்தில் அழுத்தம் விழுகிறதோ அந்த இடத்தில் எல்லாக் காலும் ஒன்றாகப் பின்வாங்கும். முன்பாட்டுக்காரர் பாடும் நேரம் மூச்சு வாங்கும் நேரம். இழுப்பு, ஓய்வு, இழுப்பு, ஓய்வு. பயிற்சியாளரும் நேரக் கண்காணிப்பாளரும் செய்ய வேண்டிய வேலையை ஒரு பாட்டு செய்துகொண்டிருந்தது. பாடாமல் நிற்பவன் இழுக்காமல் நிற்கிறான் என்பது உடனே தெரிந்துவிடும் என்பதால் சோம்பலுக்கும் அங்கே இடமில்லை. ரிங்கல்மான் கணக்கில் காணாமல் போன பாதியை மீட்க இதைவிட நல்ல கருவியை நான் அறியேன். உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி வலை இழுக்கும் கரைகளில் இந்தப் பாட்டுக்கு இப்போது வேலையில்லை. வேலை போனதால் பாட்டும் போக வேண்டுமா என்பதுதான் கேள்வி.

போக வேண்டியதில்லை என்பதற்குக் கொம்புமுறியே சாட்சி: அங்கே வேலைக்காக அல்ல, விளையாட்டுக்காகவே பாட்டோடு இழுத்தார்கள். ஆலையடிவேம்புக்கு வடக்கே காரைதீவு, தெற்கே தம்பிலுவில். இரண்டும் கண்ணகி அம்மன் ஊர்கள். இந்த வழிபாட்டோடு பிறந்த விளையாட்டு கொம்புமுறி. ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த வலிய மரக் கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு பூட்டி இழுப்பார்கள். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றார். மழை பொய்த்தாலும் நோய் பரவினாலும் அம்மன் மனம் குளிர வேண்டும் என்று ஊர் கூடி நடத்தியது. சிங்கள மக்களிடம் இதே விளையாட்டு பத்தினித் தெய்வத்தின் பெயரால் அங்கெலிய என்று நடந்திருக்கிறது. ஒரே தெய்வம், ஒரே கொம்பு, இரண்டு மொழி.

விளையாட்டாகப் பார்த்தால் கொம்புமுறியில் முறியும் கணம் மிகச் சிறியது. மரம் முறிய எவ்வளவு நேரம் வேண்டும்? ஆட்டத்தின் பெரும்பகுதி பாட்டுத்தான். அம்மனைப் புகழ்ந்து பாட்டு, தன் சேரியை உயர்த்திப் பாட்டு, எதிர்ச் சேரியை இறக்கிப் பாட்டு. வென்ற சேரி தோற்ற சேரியின் முகத்துக்கு நேரே வசை பாடும். தோற்றவர் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும், அடுத்த முறிக்குப் பதில் பாட்டைத் தேட வேண்டும். இது சில நேரம் கைகலப்பில் முடிந்திருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் சடங்கோடு வசையும் முடிந்துவிட வேண்டும் என்ற ஊர்க்கட்டு அதற்குள் இருந்தது. இன்றைய மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டிகளில் தோற்ற அணியின் ஊரைச் சொல்லித் திட்டுகிற சத்தத்தையும், அது முகநூலில் வாரக்கணக்கில் நீள்வதையும் பார்க்கும்போது, வசைக்கு எதுகை மோனையும் கால எல்லையும் வைத்த பழைய ஏற்பாடு எவ்வளவு நாகரிகமானது என்று தோன்றுகிறது. வி.சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ போன்ற நூல்கள் இந்த மண்ணின் விளையாட்டையும் பாட்டையும் எழுத்தில் காத்துத் தந்தன. அதற்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் கொம்புப் பாட்டை நூலில் வாசிப்பதும் நேரில் கேட்பதும் ஒன்றல்ல.

வீதிக்கு அடுத்த பக்கம் போனால் அக்கரைப்பற்று, அங்கே பொல்லடி. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள முஸ்லிம் ஊர்களில் கல்யாணத்துக்கும் சுன்னத்து வைபவத்துக்கும் ஆடிய ஆட்டம் அது. கையில் பொல்லோடு ஆட்டக்காரர் வட்டமாக நிற்பார்கள், ஆட்டம் பழக்கும் அண்ணாவியார் தாளம் தட்டிப் பாடுவார். மெதுவாகத் தொடங்கும் பாட்டு ஏறிக்கொண்டே போகும். முன்னால் நிற்பவன் பொல்லில் ஓர் அடி, திரும்பிப் பக்கத்தவன் பொல்லில் ஓர் அடி. தாளம் ஒரு மாத்திரை தவறினால் அடி விரலில் விழும். விளையாட்டு அலசல் எழுதுகிறவன் இதை நடனம் என்று விட்டுவிட முடியாது. கண், கை, கால் ஒருங்கிணைப்புக்கு இதைவிடக் கடும் பயிற்சி எந்த உடற்பயிற்சிக் கூடத்திலும் இல்லை. இன்று பொல்லடியை நாம் அதிகம் காண்பது வரவேற்பு ஊர்வலங்களில். அதிதி மேடைக்கு வந்து சேரும் வரைக்கும் அடித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பாட்டு உச்சிக்கு ஏறுமுன் அறுபட்டுப் போகிறது. பொல்லடியின் திறமை வெளிப்படுவதே அந்த உச்சியில்தான். நிந்தவூர் எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் திரட்டினார். அந்த உழைப்புக்குச் சரியான மரியாதை, பாட்டை முழுதாகப் பாடவிடுவது.

பார்க்க வந்த கூட்டமே பாடினால் என்ன ஆகும் என்று அறிய, இனி ஒரு தூரத்து மைதானத்தைப் பார்ப்போம். 2012 ஜூன் 14, போலந்தின் கதான்ஸ்க் நகரம், ஐரோப்பியக் கிண்ண உதைபந்தாட்டம். ஸ்பெயினிடம் அயர்லாந்து 0-4 என்று வீழ்ந்துகொண்டிருந்தது. டொரஸ் இரண்டு, சில்வா ஒன்று, ஃபப்ரகாஸ் ஒன்று. கடைசி நிமிடங்களில் அயர்லாந்து ரசிகர்கள் எழுந்து ‘த ஃபீல்ட்ஸ் ஒஃப் அதென்றை’ பாட்டைப் பாடத் தொடங்கினார்கள். ஆட்டம் முடிந்தும் நிறுத்தவில்லை. அயர்லாந்துப் பஞ்ச காலத்தில் பிள்ளைகளுக்காகத் தானியம் திருடி நாடு கடத்தப்படுகிற ஒருவனின் கதை அது. அன்று கோல்களோடு அந்தப் பாட்டும் பேசப்பட்டது. அயர்லாந்து அணியின் முன்னாள் தலைவர் ரோய் கீனுக்கு அது பிடிக்கவில்லை. பாடிவிட்டுப் போவதற்கா வந்தோம் என்ற கோபம் அவருக்கு. அந்தத் தொடரில் மூன்று ஆட்டத்திலும் தோற்ற அணியைப் பற்றி ஒரு வீரர் அப்படி நினைப்பது நியாயமே. ஆனால் ரசிகன் செய்ய வேண்டிய வேலை வேறு. உதைபந்தில் கூட்டத்தின் பாட்டு கோல் போடாது. கயிற்றைப்போல் அங்கே பலத்தை நேராகக் கூட்டவும் முடியாது. தோல்வியை எப்படித் தாங்குவது என்பதை மட்டும் அது தீர்மானிக்கும். அன்று அவர்கள் நாற்காலியை உடைக்காமல் பாடினார்கள். எனக்கு அது வெற்றியாகவே படுகிறது.

அந்தப் பாட்டைப் பற்றி இன்னொரு செய்தி எங்கள் இளைஞர் கவனிக்க வேண்டியது. பஞ்சம் 1840களில். பாட்டோ 1970களில் பீற் சென் ஜோன் என்ற டப்ளின்காரர் எழுதியது. பழம்பாட்டு என்று நினைத்துப் பாடுகிறவர்கள் அநேகர். மதுச்சாலைகளிலும் மைதானங்களிலும் நேரில் பாடிப் பாடி ஒரு தலைமுறைக்குள் அது மரபாகிவிட்டது. டப்ளின் தெருவில் மட்டி விற்ற மொலி மலோன் பாட்டும் அப்படி ஊர்ச் சொத்தானதே. எங்கள் நாட்டில் மீனைப் பாடிய ‘சுராங்கனி’ பைலாப் பாட்டு ஏ.ஈ. மனோகரன் குரலில் கடல் கடந்தது. அதை இன்றும் கிரிக்கெட் மைதானத்தில் பப்பரே வாத்தியக்காரர் வாசித்தால் சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று பார்க்காமல் கூட்டம் எழும்பும். பைலாவின் வேரோ போர்த்துக்கேயர் காலத்தது. மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் கஃப்ரிஞ்ஞா இசை இன்னும் ஒலிக்கிறது. வெளியே இருந்து வந்த தாளத்தை இவ்வளவு சொந்தமாக்கிக்கொண்ட நாம், எங்கள் கரையிலேயே பிறந்ததை மைதானத்துக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

ஒலிப்பதிவு இருக்கிறதே, ஒலிபெருக்கியில் போட்டால் போதாதா என்று கழகத் தம்பிமார் கேட்கிறார்கள். போதாது. அம்பாவும் கொம்புப் பாட்டும் பொல்லடிப் பாட்டும் ஏற்றுப் பாடுவதற்காக அமைந்தவை. முன்பாட்டுக்காரர் ஓர் அடியைச் சொல்லி நிறுத்துகிற இடைவெளி கேட்பவனுக்கு உரியது. பதிவில் அந்த இடைவெளியை முன்பே யாரோ நிரப்பிவிட்டார்கள். நாம் வெறுமனே கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மேலும், நேரில் பாடுகிறவர் அணி களைத்தால் தாளத்தைத் தளர்த்துவார், எதிரணி வழுக்கினால் விரைவாக்குவார். பெட்டியில் ஓடும் சினிமாப் பாட்டு யார் இழுக்கிறார் என்று பார்ப்பதில்லை. அதன் தாளத்துக்கு இழுக்கப் போன அணி எதுவும் ஒன்றாக இழுத்து நான் கண்டதில்லை.

ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்று விளையாட்டுக் கழகங்களுக்கும் பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். வருகிற சித்திரை விழாவில் கயிறிழுத்தல் நடக்கும் நேரம் ஒலிபெருக்கியை நிறுத்துங்கள். ஒவ்வோர் அணிக்கும் ஒன்பதாவது ஆளாக ஒரு பாட்டுக்காரரை அனுமதியுங்கள். அம்பா தெரிந்த ஒரு முதியவர் உங்கள் ஊரில் இன்னும் இருப்பார், தேடிப் போய்க் கூப்பிடுங்கள். பொல்லடி அண்ணாவியாருக்கு அரை மணி நேரம் முழுதாகக் கொடுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகள் தங்கள் கழகத்துக்குப் புதுக்கவி கட்டட்டும், எதிர்க் கழகத்தை வசை பாடட்டும், விழா முடிந்ததும் அதை நிறுத்தட்டும். பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு சொல்: கைபேசியைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு ஏற்றுப் பாடுங்கள்.