கோதுமை மணியும் கைமாறிய பண்ணையும்

கென்ய நாட்டு ஆசிரியர் கூகி வா தியாங்கோ 1967-இல் வெளியிட்ட ஆங்கில நாவலின் தலைப்பு 'ஒரு கோதுமை மணி' எனப் பொருள்படும். நிலத்தில் விழுந்து சாகும் விதையைப் பற்றிய வேதவாக்கே அதற்கு ஊற்று. 1963 டிசம்பர் 12-இல் கென்யா சுதந்திரம் அடைவதற்கு முந்திய சில நாட்களில் கதை நிகழ்கிறது. எனினும் மௌ மௌ கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கில அரசு 1952 முதல் 1960 வரை நடத்திய நெருக்கடிநிலை ஆட்சியே அதன் மாந்தர் ஒவ்வொருவரையும் வதைக்கிறது.

ஊரார் வீரனெனப் போற்றும் முகோ, விடுதலை விழாவில் மக்கள்முன் நின்று, தூக்கிலிடப்பட்ட போராளி கிஹிகாவைக் காட்டிக்கொடுத்தவன் தானே என்று அறிக்கையிடுகிறான். கிறிஸ்தவ வாசகர் இப்பகுதியில் மனமுருகுவது இயல்பே. ஆயினும் நாவலின் கூரிய தீர்ப்பு, எளிதில் கடந்துபோகக்கூடிய வேறொரு சிறு நிகழ்ச்சியில் உள்ளது என்பது நம் துணிபு. தச்சன் கிக்கோன்யோ நண்பர் சிலருடன் கூடி, நாட்டைவிட்டுப் புறப்படும் வெள்ளையர் ஒருவரின் பண்ணையை வாங்க விரும்பி, கடனுதவிக்காகப் பாராளுமன்ற உறுப்பினரை நாடுகிறான். அவர் இன்சொல் கூறி அனுப்புகிறார். பின்னர் பார்த்தால், பண்ணைக்கு உரிமையாளர் அவரே!

இது வெறுங்கற்பனை அன்று. குடியேறிய வெள்ளையரின் நிலம் அன்று விலைக்கே கைமாறியது. பிரித்தானியாவும் உலக வங்கியும் அதற்குக் கடன் தந்தன. நிலத்திற்காகப் போரிட்ட குடியானவன் அதே நிலத்திற்குத் தவணை கட்டினான். பணமும் பதவியும் உள்ளவனோ முந்திக்கொண்டான். 1954-இல் வகுக்கப்பட்ட ஸ்வின்னர்ட்டன் திட்டப்படி கிக்கூயு நிலங்கள் ஒன்றுசேர்த்துப் பதிவு செய்யப்பட்டபோது, பலர் தடுப்பு முகாம்களில் அடைபட்டிருந்தனர் என்பதையும் மறத்தலாகாது. அரசுக்குத் துணைநின்றோர் அதில் ஆதாயம் பெற்றனர்.

முகோ தன் பாவத்தை அறிக்கையிட்டுத் தண்டனையையும் ஏற்கிறான். அந்த உறுப்பினரிடமோ எவரும் அறிக்கை கேட்கவில்லை. சகேயுவின் மனந்திரும்புதலில் பறித்ததைத் திருப்பிக் கொடுத்தலும் அடங்கும் எனப் போதிக்கும் நாம் இவ்விடத்தைத் தாண்டிச் செல்லுதல் தகாது. ஆசிரியரும் இங்கே பின்வாங்கினார் என்றே நமக்குத் தோன்றுகிறது. இறுதி அத்தியாயத்திற்கு, கென்யாட்டாவின் ஒற்றுமை முழக்கமான 'ஹராம்பே' என்பதையே பெயராக இட்டார். அதில் கிக்கோன்யோவும் மனைவி மும்பியும் ஒப்புரவை நோக்கித் திரும்புகின்றனர், அழகிய பகுதிதான். பண்ணையின் வழக்கோ தீர்வின்றியே நிற்கிறது.

அவ்வழக்கை, 1977-இல் வெளிவந்த 'இரத்த இதழ்கள்' எனப் பொருள்படும் நாவலில் அவர் மீண்டும் எடுத்தார். அவ்வாண்டின் இறுதியில், கிக்கூயு மொழி நாடகமொன்று அரங்கேறியதை அடுத்து, கென்யாட்டாவின் அரசு அவரை விசாரணையின்றிச் சிறையிலடைத்தது. நெருக்கடிநிலைக் காலத்தில் ஆங்கிலேயர் கையாண்டதும் இதே படைக்கலமே. இரு நாவல்களையும் சேர்த்தே வாசித்தல் நலம்.