கலைப் படிப்பும் மேல்மண்ணும்

நெய்வேலியில் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நான் கலைக் கல்வியைப் பற்றி எழுத நேர்ந்தது ஒரு பேச்சினால். சுரங்கத்தில் காண்டிராக்ட் வேலை பார்ப்பவர் ஒருவர் மகனின் இன்ஜினீயரிங் படிப்புக்குக் கடன் கேட்டு வந்தார். மகள் அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர ஆசைப்படுகிறாளாம். அதற்குக் கடன் வாங்கும் அளவுக்குக் கட்டணமில்லை. "நீங்க என்ன சார் படிச்சீங்க?" என்றார். பி.ஏ. இங்கிலீஷ் என்றேன். "அப்ப மோசமில்ல. பேங்க் வேல கெடைக்குது." அவருக்கு நிம்மதி. எனக்குத்தான் இல்லை. தேர்வில் என்னைத் தேற்றிவிட்டது நான் படித்த இலக்கியம் அல்ல, சதவீதக் கணக்கு.

கலைக் கல்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நியாயங்கள் இரண்டு. ஒன்று, 1852-இல் டப்ளினில் நியூமன் ஆற்றிய உரைகளில் இருப்பது: அறிவுக்கு அறிவே பயன், அந்தக் கல்வி உருவாக்குவது ஒரு கனவானை. மற்றது, 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையில் இருப்பது. பாணபட்டரின் காதம்பரியைத் துணைக்கழைத்து 64 கலைகளைப் பேசும் அது, அதே மூச்சில் 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' என்பதையும் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. முதலாவதற்குச் சொத்து வேண்டும். இரண்டாவதற்கு முதலாளி வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இரண்டிலும் இடமில்லை.

என் படிப்பின் பூர்வீகமும் பெருமைப்படத் தக்கதல்ல. 1835-இல் மெக்காலே விரும்பியது ஆள்பவர்க்கும் ஆளப்படுபவர்க்கும் நடுவே நிற்கும் ஒரு வர்க்கத்தை. ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக வேரூன்றியது இங்கிலாந்தைவிட முன்னதாக இந்தியாவில்தான் என்று கௌரி விஸ்வநாதன் 1989-இல் வெளியான தம் நூலில் காட்டியிருக்கிறார். குமாஸ்தாவைச் செய்ய வந்த படிப்பு குமாஸ்தாவைச் செய்தது. நானே சாட்சி.

அது எழுத்தாளர்களை உருவாக்குகிறது என்றும் சொல்வதற்கில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்த ஜெயகாந்தன் பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை. சிதம்பரத்தில் வாழ்ந்த மௌனி படித்தது கணிதம். புதுக்கவிதையை வாசிக்க நமக்குச் சொல்லித் தந்தது தமிழ்த் துறைகள் அல்ல, 1959-இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து'.

பிறகு என்னதான் மிஞ்சுகிறது?

1957-இல் இங்கே சுரங்கம் வெட்டத் தொடங்கினார்கள். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணுக்கு இத்தொழிலில் 'ஓவர்பர்டன்' என்று பெயர். ஒரு டன் கரிக்கு எத்தனை கன மீட்டர் மண் என்று கணக்கிடுவார்கள். கணக்கு அவசியமானது, இந்தக் கரியில் எரியும் விளக்கில்தான் நானும் எழுதுகிறேன். ஆனால் அந்த மண்ணில் நெல் விளைந்தது, வீடு இருந்தது, ஊருக்குப் பெயர் இருந்தது. அதைச் சுமை என்று அழைத்தவர் எங்கே நின்று அழைத்தார் என்பது பொறியியல் கேள்வி அல்ல. 2023 ஜூலையில், சுரங்க விரிவாக்கத்துக்காகக் கால்வாய் வெட்ட வளையமாதேவியில் நின்ற பயிரின்மேல் இயந்திரங்கள் இறங்கின. நிர்வாகம் கையகப்படுத்திய ஆவணத்தையும் இழப்பீட்டையும் பேசியது. விவசாயி பயிரைப் பேசினார். ஒன்று மற்றதற்கு எட்டவேயில்லை. இரண்டு பாஷையையும் வாசிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். வரலாறும் இலக்கியமும் செய்யக்கூடியது இவ்வளவுதான்: ஒரு வார்த்தையை, வந்தபடியே வாங்கிக்கொள்ளாமலிருக்கப் பழக்குவது. இது சின்ன விஷயமல்ல.

செய்கின்றனவா? ஹாம்லெட்டை நான் நோட்ஸில்தான் படித்தேன். நாடகத்தைத் திறந்தது வேலைக்கு வந்த பிறகு. தயாரான விடையை ஒப்பிப்பதில் கலைக்கும் பொறியியலுக்கும் பேதமில்லை. கலைக் கல்விக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் முதலில் இந்த நோட்ஸைப் பற்றிப் பேச வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஸ்ரீசிட்டியில் 2018-இல் தொடங்கிய கிரியா போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் 'லிபரல் ஆர்ட்ஸ்' ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய். அதே வரலாறு அரசுக் கல்லூரியில், வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களின் படிப்பு. மதிப்பு பாடத்திலிருந்து வரவில்லை, கட்டணத்திலிருந்து வருகிறது. இதை அரசுக் கல்லூரி ஆசிரியர்களே நம்பத் தொடங்கிவிட்டதுதான் ஆபத்து.

அவரிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. "பொண்ணு கேக்கறதையே படிக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன். "வேல?" என்றார். பேங்க் வேலை கிடைக்கும் என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பார். சொல்லவில்லை.