சாந்தி எதை விழுங்கினார்?

2006 டிசம்பர் 9, தோஹா ஆசிய விளையாட்டு. பெண்கள் 800 மீட்டர் ஓட்டத்தில் சாந்தி சௌந்திரராஜன் 2 நிமிடம் 3.16 விநாடியில் இரண்டாவதாக வந்தார். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சிக்காரர். செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். அவருக்கும் மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் பெண்ணுக்கும் இடைவெளி வெறும் 0.03 விநாடி. கண் இமைப்பதற்குக்கூட அதைவிட அதிக நேரம் ஆகும்.

அந்த மாதம் முடிவதற்குள் வெள்ளி போய்விட்டது. பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று அறிவித்தார்கள். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய மருத்துவ ரகசியம் நாடு முழுக்க டி.வி.யில் ஓடியது. தானே அதை டி.வி. பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சாந்தி பின்னாளில் சொன்னார்.

பதக்கம் பறிபோனது என்றதும் உங்கள் மனசில் என்ன தோன்றும்? 'ஏதோ மருந்து சாப்பிட்டு மாட்டிக்கொண்டார் போலிருக்கிறது.' தோன்றினால் அது உங்கள் தப்பில்லை. பதக்கப் பட்டியலில் 'தகுதி நீக்கம்' என்று ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கிறது. திருடியவருக்கும் அதுதான், திருடாதவருக்கும் அதுதான்.

திருடியவர்களை எப்படி நடத்துகிறோம் என்று பார்த்துவிடலாமா?

அமெரிக்காவில் பாரி பாண்ட்ஸ் என்றொரு பேஸ்பால் வீரர். 762 ஹோம் ரன். அமெரிக்காவின் மேஜர் லீக்கில் அதற்கு மேல் அடித்தவர் கிடையாது. ஸ்டீராய்டு சர்ச்சை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தெரிந்தே எடுக்கவில்லை என்றார் அவர். ஊர் நம்பவில்லை. சாதனையை முறியடித்த அவருடைய 756-வது பந்தை ஒருவர் ஏலத்தில் எடுத்து, மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தி, அதன் மேல் நட்சத்திரக் குறி பொறித்து மியூசியத்துக்கு அனுப்பினார். புகழ் மண்டபத்தில் இடம் தர 75 சதவிகித ஓட்டு வேண்டும். பத்து வருடம் பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டும், 2022-ல் கடைசிச் சுற்றில்கூட அவருக்குக் கிடைத்தது 66 சதவிகிதம்தான். ஆனால், கவனியுங்கள். அந்த 762 புத்தகத்தில் அப்படியேதான் இருக்கிறது. யாரும் அழிக்கவில்லை.

நம் ஊருக்கு வருவோம். 2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டியிலும் குவாங்ஜோ ஆசிய விளையாட்டிலும் 4x400 ரிலேயில் தங்கம் வாங்கியது நம் பெண்கள் அணி. அந்த நால்வரில் சினி ஜோஸ், மன்தீப் கவுர், அஸ்வினி அக்குஞ்சி ஆகிய மூன்று பேர் அடுத்த வருடமே ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். தடை வந்தது. கோச் கொடுத்த ஜின்செங்கில் கலந்திருக்கிறது என்றார்கள். கோச் வேலை போனது. 2010 தங்கங்கள்? பத்திரமாக இருக்கின்றன. அந்த ஓட்டத்தின்போது சிக்கவில்லையே! சட்டப்படி சரிதான்.

அதே தோஹா, அதே 800 மீட்டர், 2019. திருச்சி மாவட்டத்துக் கோமதி மாரிமுத்து ஆசியத் தடகளத்தில் தங்கம் வென்றார். நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு இருந்ததாகச் சோதனை சொன்னது. அப்படி எதையும் எடுத்ததே இல்லை என்று மறுத்தார். தங்கம் பறிபோனது, நான்கு வருடத் தடை. வருத்தம்தான். ஆனால் அங்கே ஒரு மருந்தின் பெயர் இருந்தது. ஒரு குற்றச்சாட்டு இருந்தது. எத்தனை வருடம் என்ற கணக்கு இருந்தது. மறுக்க ஒரு மேடையும் இருந்தது.

சாந்தி எதை விழுங்கினார்? எந்த ஊசி போட்டுக்கொண்டார்? ஒன்றுமில்லை. கணக்குத் தணிக்கையில் மோசடி வேறு, பிழை வேறு. சாந்தியின் கணக்கில் இரண்டுமே கிடையாது. கல்லாவில் கை வைக்கவில்லை, கூட்டலிலும் தப்பில்லை. கடைக்காரர் பிறந்த விதமே செல்லாது என்று கடையை மூடிவிட்டார்கள்.

'அப்படியானால் மற்றப் பெண்களுக்கு நியாயம் வேண்டாமா?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பெண்கள் பிரிவு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு எல்லையும் இருக்கத்தான் வேண்டும். 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகள அமைப்பு மரபணுச் சோதனையையே கட்டாயமாக்கிவிட்டது. அது சரியா தப்பா என்று டாக்டர்களும் வக்கீல்களும் சண்டை போடட்டும். நாளைய விதி நாளைய ஓட்டத்துக்கு. ஓடி முடித்த ஓட்டத்தை என்ன செய்வது என்பதுதான் இங்கே விஷயம்.

அதற்கு விடை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யா. அவரும் 800 மீட்டர்தான். 2009 பெர்லின் உலகப் போட்டியில் தங்கம் வாங்கியபோது இதே சோதனை, இதே கூச்சல். ஆனால் அவருடைய நாடு அவர் பக்கம் நின்றது. தங்கம் அவரிடமே இருக்கிறது. பிற்பாடு விதியை மாற்றி அவரை 800 மீட்டரிலிருந்து ஒதுக்கினார்கள். பழைய பதக்கத்தைத் தொடவில்லை. மூன்று வருட இடைவெளியில் ஒருவருக்கு அந்த நியாயம், இன்னொருவருக்கு இந்த நியாயம். வித்தியாசம் உடம்பில் இல்லை, பின்னால் நின்றவர்களில் இருக்கிறது. தோஹாவில் சாந்திக்குப் பின்னால் யார் நின்றார்கள்? நம் ஒலிம்பிக் சங்கம் நின்றதாக ஞாபகமில்லை.

ஒரே ஒருவர் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும். பதக்கம் போன பிறகும் முதல்வர் கருணாநிதி 15 லட்ச ரூபாயும் ஒரு டி.வி.யும் கொடுத்தார். ஓடியது ஓடியதுதான் என்று ஒரு அரசாங்கம் ஒப்புக்கொண்டது. ஆனால் பரிசு ஒரு நாள், பிழைப்பு தினமும். 2012-ல் சாந்தி நாளுக்கு 200 ரூபாய்க் கூலிக்குச் செங்கல் சூளையில் நின்றார். அப்புறம்தான் எல்லோரும் விழித்துக்கொண்டோம். பிறகு பயிற்சியாளர் படிப்பு, அரசு வேலை. வேலை கிடைத்துவிட்டது, சரி. பெயர்?

'வெள்ளியை ஏற்கெனவே கஜகஸ்தான் பெண்ணுக்குக் கொடுத்தாயிற்றே' என்பார்கள். அவரிடமிருந்து பிடுங்க வேண்டாம். ஜிம் தோர்ப் கதை இருக்கிறது. 1912 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கியவர். அதற்கு முன்னால் கொஞ்சம் கூலிக்கு பேஸ்பால் ஆடினார் என்பதற்காக அடுத்த வருடம் இரண்டையும் பறித்தார்கள். அவர் செத்து 30 வருடம் கழித்து, 1983-ல் திருப்பிக் கொடுத்தார்கள். எப்படி? இடையில் தங்கம் பெற்றிருந்தவர்களை நீக்காமல், இணை வெற்றியாளர் என்று பெயரைச் சேர்த்து. 2022-ல் அவரே தனி வெற்றியாளர் என்றும் அறிவித்தார்கள்.

2006 தோஹா 800 மீட்டரில் இரண்டு வெள்ளி இருந்தால் யாருக்கு நஷ்டம்? ஒரு வரியைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான். அதைக் கேட்க வேண்டியது சாந்தி இல்லை, இந்திய ஒலிம்பிக் சங்கம். கேட்கவைக்க வேண்டியது தமிழ்நாடு அரசு. தோர்ப்புக்குச் செய்த மாதிரி செத்த பிறகு வேண்டாம். சாந்தி இங்கேதான் இருக்கிறார். பிள்ளைகளுக்கு ஓடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.