செவியால் வாசிப்போரும் நம் கல்வி ஏடுகளும்

பல்கலைக்கழகங்களும் இறையியற் கல்லூரிகளும் வெளியிடும் பாடத்திட்டம், வாசிப்புத் தொகுப்பு, வினாத்தாள், ஆய்வேடு ஆகியவற்றை அவற்றின் கருத்துக்காகத் திறனாய்வு செய்வது வழக்கம். அவை வாசிக்கத்தக்க வடிவில் உள்ளனவா என்னும் கேள்வியை எவரும் எழுப்புவது அரிது. கண்ணுள்ளவர்க்கு அதற்குத் தேவை நேர்வதில்லை. ஆயின் பார்வையற்ற மாணவர் ஒருவர் ஸ்கிரீன் ரீடர் எனப்படும் திரைவாசிப்பு மென்பொருளின் துணைகொண்டு அதே ஏட்டைத் திறக்கும்போது வடிவமே முதற்கேள்வியாகி விடுகிறது. அவருடைய செவிக்கு எட்டும் வகையிலேயே இவ்வேடுகளை இங்கு ஆராய முற்படுகிறோம்.

இம்மென்பொருள் பக்கத்தின் தோற்றத்தைக் காண்பதில்லை. கோப்பினுள் பதிந்துள்ள எழுத்துக்குறிகளையும் அமைப்பையுமே அது கண்டு ஒலியாக்குகிறது. ஆகவே நூலின் பக்கங்களை ஒளிப்படமாக வருடிச் சேர்த்த பி.டி.எஃப். கோப்பு, அச்சு எவ்வளவு தெளிவாயிருப்பினும், அதற்கு வெற்றுத்தாளே. கருவி கிட்டவில்லை என்னும் சாக்கு இனிச் செல்லாது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் உருவாக்கத் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. அது தமிழையும் வாசிக்கும். குறை கேட்பவரிடமும் இல்லை, கருவியிலும் இல்லை, ஏட்டிலேயே உள்ளது.

தமிழ் ஏடுகளுக்கென்றே தனிக்குறை ஒன்றுண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தின. அவ்வெழுத்துருவில் 'இயேசு' என நாம் கண்ணால் காண்பது கோப்பினுள் காற்புள்ளி, என், ஏ, ஆர் என்றே கிடக்கிறது. கிறிஸ்துவியல் பற்றிய ஆய்வேடொன்றைத் திறந்து, அதன் பொருளாகிய ஆண்டவரின் திருநாமத்தை ஒருமுறையேனும் கேட்க இயலாத மாணவரின் நிலையை வாசகர் எண்ணிப் பார்ப்பாராக. ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளுக்கு 1991 முதலே இடமுண்டு. தமிழ்நாட்டரசும் 2010இல் அதனை ஏற்றது. அதன் பின்னும், அச்சகத்தாருக்குப் பழகிவிட்டது என்பதற்காகப் பழைய எழுத்துருவே கையாளப்படுவதை நாம் நியாயம் எனக் கொள்ள முடியவில்லை. ஒருங்குறியில் எழுதியவையும் பி.டி.எஃப். ஆக மாறும்போது சில வேளைகளில் கொம்பும் காலும் இடம் பெயர்ந்து சொல்லைச் சிதைக்கின்றன. ஆதலின் மூலக் கோப்பையும் உடன் வழங்குவதே பாதுகாப்பான வழி.

எழுத்துச் சரியாயிருந்தாலும் அமைப்புப் பிழைபட்டால் பொருள் பிழைபடும். ஒத்தமை நற்செய்திகளை ஒப்பிடும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றையும் இணைநிரல்களாக அமைக்க முற்படும் ஆசிரியர், அட்டவணை வசதியைப் பயன்படுத்தாமல் இடைவெளிகளைத் தட்டித் தட்டி நிரல் பிரிக்கிறார். கண்ணுக்கு அது அழகிய ஒப்புநோக்கு. செவிக்கோ, மத்தேயுவின் அரை வாக்கியம், அதனையடுத்து மாற்கின் கால் வாக்கியம், பிறகு லூக்காவின் ஒரு சொல் என வரிக்கு வரி மூன்றும் கலந்து ஒலிக்கின்றன. மூலங்களைப் பிரித்தறியக் கற்பிக்கும் பாடமே மூலங்களைக் குழப்பித் தருகிறது! முறையான அட்டவணையாயின் மாணவர் ஒரு நிரலைத் தொடர்ந்து மேலிருந்து கீழாகவும், வேண்டும்போது குறுக்காகவும் செல்லலாம். எந்நிரலில் நிற்கிறார் என்பதையும் மென்பொருள் அறிவிக்கும்.

தலைப்புகளும் அவ்வாறே. எழுத்தைத் தடிப்பாக்கினால் மட்டும் அது தலைப்பாகி விடாது. தலைப்பு நடை எனக் குறித்திருந்தால் என்.வி.டி.ஏ.வில் ஒரு விசையை அழுத்தி அடுத்த தலைப்புக்குத் தாவலாம்; இல்லையேல் முந்நூறு பக்கங்களை முதலிலிருந்தே கேட்டாக வேண்டும். கிரேக்க, எபிரெயச் சொற்களுக்கு மொழிக்குறிப்பு இடாவிட்டால் தமிழ்க்குரல் அவற்றைத் திரிக்கும் அல்லது விழுங்கிவிடும். பவுலின் பயண வரைபடத்திற்கு இரண்டு வரி விளக்கம் எழுதுவது ஆசிரியருக்குப் பெரும்பணி அன்று.

வாசித்துக் காட்ட ஓர் உடன்மாணவரை அமர்த்தினால் போதாதா எனச் சிலர் வினவுகின்றனர். நல்லெண்ணத்தில் எழும் இவ்வினாவை நாம் இகழவில்லை. எனினும் ஆய்வு என்பது தொடர்ந்து கேட்டல் மட்டுமன்று. தாவுதல், மீளுதல், ஒப்பிடுதல், மேற்கோளைச் சரிபார்த்தல் யாவும் அதில் அடங்கும். இவற்றை நள்ளிரவில் பிறர் தயவின்றிச் செய்ய வல்லவரே தம் கருத்தைத் தாமே உருவாக்குவார். சி.எம்.எஸ். சங்கத்தைச் சேர்ந்த ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் 1890இல் பார்வையற்றோர் பள்ளியை நிறுவியபோது, பிறர் வாசித்துக் காட்டக் கேட்டிருப்பது போதும் என்று விட்டுவிடவில்லை. விரலால் தாமே வாசிக்கும் ஆற்றலை அளித்தார். அம்மரபின் வாரிசுகள் என்று நம்மைக் கூறிக்கொள்கிறோம்.

இதில் இழப்பு மாணவருக்கு மட்டுமன்று. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சமயக் கல்விப் பேராசிரியராயிருந்த ஜான் ஹல் (1935–2015) 1980களின் தொடக்கத்தில் பார்வையை முற்றும் இழந்தார். ஒலிநாடாக்களைக் கொண்டு தம் கல்விப்பணியைத் தொடர்ந்தார். திருமறை பெரும்பாலும் கண்ணுள்ளோரின் நோக்கில் எழுதப்பட்டது என்றும், குருட்டுத்தன்மையைப் பாவத்திற்கும் அறியாமைக்கும் அது உவமையாக்குவது பார்வையற்ற வாசகரைப் புண்படுத்துகிறது என்றும் அவர் 2001இல் வெளியிட்ட நூலில் திருமறையோடு வழக்காடினார். அவ்வழக்கை ஏற்பதும் மறுப்பதும் பிறிதொரு பொருள். ஆயின் அதனை அவரன்றி மற்றவர் அவ்வளவு கூர்மையாகத் தொடுத்திருக்க இயலாது. யோவான் ஒன்பதாம் அதிகாரத்தைப் பற்றி நம் மேடைகளில் ஒலிக்கும் அருளுரைகளுக்கு மறுமொழி கூறவல்ல தமிழ் இறையியலாளர் எழாததற்கு நம் கோப்புகளும் ஒரு காரணம் என்றே கருதுகிறோம்.

சட்டம் வற்புறுத்தினால் யாவும் சீராகும் என நம்புவோர்க்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் நிகழ்ந்தது ஓர் எச்சரிக்கை. அது பொதுமக்களுக்கு இலவசமாக வழங்கிய இணையப் பாடங்கள் செவித்திறனற்றோரும் பார்வையற்றோரும் பயன்படுத்தத்தக்கவையாக இல்லையென அமெரிக்க நீதித்துறை 2016இல் அறிவித்தது. செலவைக் காரணங்காட்டிய பல்கலைக்கழகம் 2017இல் 20,000க்கும் மேற்பட்ட பாடப்பதிவுகளைப் பொதுப்பார்வையிலிருந்து நீக்கியது. எவருக்கும் இல்லை என்றாக்கிச் சமத்துவம் கண்டது! குருடனுக்கு முன் தடுக்கல் வைக்கலாகாது என்னும் லேவியராகமக் கட்டளையை (19:14), பாதையையே பெயர்த்தெடுத்து நிறைவேற்றியது போலாயிற்று. 2022இல் ஏற்பட்ட உடன்பாட்டின் பின்னரே அவற்றைச் சீரமைக்கும் கடமையை அது மேற்கொண்டது.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உண்டு. பதிப்புரிமையை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. 2012இல் செய்யப்பட்ட திருத்தம், வாசிக்க இயலாதோர்க்காக நூல்களை ஏற்ற வடிவில் மாற்ற இடமளிக்கிறது. மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதன்முதல் உறுதிசெய்த நாடும் இந்தியாவே.

ஆய்வேட்டு விதிகள் ஓரத்து இடைவெளியையும் கட்டமைப்பின் நிறத்தையும் நுணுக்கமாக வரையறுக்கின்றன. ஒருங்குறியில் எழுதி, தலைப்பு நடைகளுடன் மூலக் கோப்பையும் ஒப்படைக்க வேண்டும் என்னும் ஒரு விதியை அவற்றோடு சேர்ப்பதால் செலவு ஏதுமில்லை. பழைய ஆய்வேடுகளே கடினமானவை. பாமினிக் கோப்புகளை ஒருங்குறியாக மாற்றும் மென்பொருள்கள் உள்ளன. எனினும் எழுத்துரு விவரம் இழந்த கோப்பில் அவை ஆங்கில நூற்பெயர்களையும் தமிழெழுத்துகளாக்கிப் பொருளற்றவையாக்கி விடுகின்றன. ஆகவே ஒவ்வோர் அடிக்குறிப்பையும் மனிதக் கண் சரிபார்த்தாக வேண்டும். கோடை விடுமுறையில் ஊதியத்துடன் மாணவர் இருவரை இப்பணிக்கு அமர்த்தி, பார்வையற்ற மாணவரைக் கேட்டே எவ்வேட்டை முதலில் எடுப்பது என முடிவு செய்யலாம்.